தொட்டியில் நின்ற சம்மதம்

"மாமா, இந்த மரம் மட்டும் ஏன் பெரிசாகவே மாட்டேங்குது?" என்று மாடி வீட்டுச் சிறுமி ஒருமுறை கேட்டாள். எங்கள் பால்கனித் தொட்டியில் நிற்கும் ஊசியிலை மரத்தைத்தான் சொன்னாள். அவள் தவழ்ந்து வந்த காலத்தில் அது அவளைவிட உயரம். இப்போது அவள் இடுப்புக்குக்கூட எட்டவில்லை.

"சில மரம் அப்படித்தாம்மா. இருக்கிற இடமே போதும்னு இருக்கும்."

"யாரு சொன்னா? அதுவா?"

ஒரு பிஸ்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். சின்னச் சின்ன அன்பில் எனக்கு நம்பிக்கை அதிகம். பிள்ளைகளின் வாயை அடைக்கவும் அது உதவும்.

பல் செட் செய்வது என் தொழில். இந்தத் தெருவில் வயதானவர்களில் பாதிப் பேர் என் சிரிப்பைத்தான் சிரிக்கிறார்கள். காலையில் கடவுளைக் கும்பிடாமல் ஒரு வாய் காப்பி குடிக்க மாட்டேன். அறைக்குள் ஈ வந்துவிட்டால் அடிக்க மனம் வராது. ஜன்னலைத் திறந்து வழியனுப்பி வைப்பேன். ஒரே குறை, எனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. கற்றுக்கொள்ளும் அவசியமும் வரவில்லை. தங்கை இருந்தாள். வீட்டிலேயே திரைச்சீலை தைத்துக்கொண்டு, என் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, எனக்குப் பிடித்த சூட்டில் காப்பி கலந்துகொண்டு.

எங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒருமுறை பழுதானது. சரிசெய்ய ஒரு மெக்கானிக் வந்தார். அதன்பிறகு லிஃப்ட் அடிக்கடி பழுதானது. எப்படி என்று நான் விசாரிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் கையில் இந்தத் தொட்டியோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"வெளியூருக்கு மாத்திட்டாங்க சார். உங்க தங்கச்சியை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

நல்ல மனிதர். பல்லிலாவது குறை இருக்கிறதா என்று பார்த்தேன். முத்துக் கோத்த மாதிரி இருந்தது.

தங்கை கதவோரம் நின்று, "அண்ணனைத் தனியா விட்டுட்டு எப்படி…" என்று இழுத்தாள். அந்த இழுப்பில் நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"கடவுள்கிட்ட விட்டுடுவோம்மா," என்றேன். "இந்த மரம் துளிர்க்கட்டும். துளிர்த்துட்டா, அவரே உன்னைப் போகச் சொல்றாருன்னு அர்த்தம்."

மெக்கானிக் சிரித்துவிட்டார். "மரம்னா துளிர்க்காமலா போயிடும்? அடுத்த வருஷம் லிஃப்ட் சோதனைக்கு வரும்போது கூட்டிட்டுப் போறேன்."

தங்கை சிரிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். என் பக்தி நாற்காலி மாதிரி, சாய்ந்துகொள்வதற்கு. அவளுடையது எலும்பு மாதிரி.

மரத்தை அவள் பார்த்துக்கொண்ட அழகை நான் குறை சொல்ல மாட்டேன். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்துத்தான் தண்ணீர் ஊற்றுவாள். அடித்தட்டில் நீர் தேங்க விடமாட்டாள். எல்லாப் பக்கமும் வெளிச்சம் படட்டும் என்று தொட்டியைத் திருப்பி வைப்பாள். குளிர்காலம் முடிந்தபோது கிளை நுனியில் அரிசி மணி அளவுக்கு ஒரு பழுப்பு மொட்டு வந்தது. அதன் தொப்பி விலகி, உள்ளே இளம்பச்சையாக ஏதோ எட்டிப் பார்த்தது. விடியற்காலையில் கும்பிட்டு முடித்து வந்த நான்தான் அதை முதலில் பார்த்தேன். தொட்டேன். கையோடு வந்துவிட்டது.

சத்தியமாக, முதல் தடவை அது தானாகத்தான் வந்தது. மற்ற தடவைகளில் நான் வரவழைத்தேன்.

நகத்தால் கிள்ளுவதற்குக் கோடாலி எதற்கு என்பார்கள். எனக்கு நகம் போதுமாக இருந்தது. பொய்ப்பல்லை இழைத்துப் பழகிய விரல்கள். ஒரு மொட்டும் தப்பாது. கும்பிடுவேன், கிள்ளுவேன், காப்பி குடிப்பேன். விரல் நுனியில் பிசின் மட்டும் போகாது.

"அண்ணே, உன் கை ஏன் மரம் மாதிரி மணக்குது?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தினமும் அதைத் தொட்டு உனக்காக வேண்டிக்கிறேன்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்குக் காப்பியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதல். மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

இந்த வகை மரத்தில் ஒரு வசதி உண்டு. வேறு செடியாக இருந்தால் வாடி, தலை தொங்கி, ஊருக்கே காட்டிக் கொடுத்துவிடும். இது என்ன செய்தாலும் பச்சையாக நிற்கும். தங்கையும் அப்படித்தான். யார் கேட்டாலும், "எனக்கென்ன, நல்லா இருக்கேன்," என்பாள்.

அவர் வருடா வருடம் லிஃப்ட் சோதனைக்கு வந்தார். மரத்தின் முன்னால் வந்து நிற்பார்.

"இன்னும் இல்லையா?"

"இன்னும் இல்ல."

ஒரு வருடம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். "மரத்தை விடு. நீ சொல்லேன்."

"கடவுள்கிட்ட விட்டுட்டு, இப்ப நானே எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் கடவுளைப் பார்த்தேன்.

அதற்கடுத்த ஆண்டுகளில் ஒன்றில், சோதனைக்கு வேறொரு இளைஞன் வந்தான். "அவரா? அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சே. குழந்தைகூட இருக்கு," என்றான்.

"நல்லா இருக்கட்டும்," என்றாள் தங்கை. அன்று முழுவதும் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். திரைச்சீலை நெடுகத் துளைகள். ஊசியில் நூலே இல்லை.

அதோடு நான் கிள்ளுவதை நிறுத்திவிட்டேன். அவள் போக இனி இடம் இல்லை. அவசியம் இல்லாமல் ஓர் உயிருக்குத் தீங்கு செய்வது பாவம்.

அடுத்த குளிர் முடிந்ததும் மரம் வெடித்துக்கொண்டு துளிர்த்தது. இத்தனை வருடமாக வாங்க வேண்டியதை வட்டியோடு வாங்குவது மாதிரி, கிளைக்குக் கிளை, நுனிக்கு நுனி, பச்சைக் குழந்தையின் விரல்களாக. துணி காயப்போட வந்த தங்கை ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். அவளுக்கு முன்தலை நரைத்திருப்பதை அன்றுதான் கவனித்தேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?" என்று மரத்தைக் கேட்டாள்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நான்தான் ஏதோ தப்புப் பண்ணியிருக்கேன் அண்ணே. தண்ணி அதிகமா ஊத்திட்டேனோ என்னவோ. இல்லேன்னா இத்தனை வருஷமா ஏன் இது வரல?"

"விடும்மா," என்றேன். "தெரியாம செஞ்சதுதானே."

அப்படி அவளை நான் மன்னித்தேன். மன்னிப்பது எனக்கு எப்போதும் எளிது.

ஆனால் அன்று பூராவும் அவள் பால்கனிப் பக்கமே வரவில்லை. சாப்பிடவும் இல்லை. அந்தத் துளிர்கள் அவளை என்ன செய்கின்றன என்று எனக்குப் புரிந்தது. நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. அவளுக்கு நான் பட்ட கடன் பெரிது. இந்த ஒன்றையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. மறுநாள் விடியற்காலையில் கும்பிட்டு முடித்ததும் பால்கனிக்குப் போனேன். ஒவ்வொரு கிளையாக, ஒரு துளிர் விடாமல், அவள் கண்ணில் பட்டு வருந்தாதபடி எல்லாவற்றையும் கிள்ளிப் போட்டேன். இந்த முறை அவளுக்காகவே. யாரும் பார்க்கவில்லை. நல்ல காரியத்துக்குச் சாட்சி எதற்கு? கடன் தீர்ந்த நிம்மதியோடு, பிசின் போகக் கையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தேன்.

மேசைமேல் காப்பி ஆவி பறக்க இருந்தது, எனக்குப் பிடித்த சூட்டில். அவள் எப்போது எழுந்தாள் என்று நான் கேட்கவில்லை.