கானானிலிருந்து கிளம்பிய வீடு

— சிரிக்காதே ஹெப்சி. நீ படுக்கையை விட்டு அசையக்கூடாது. டாக்டர் அவர் இருக்கிற ஊரை விட்டு அசையக்கூடாது. அசையக்கூடியதுன்னு மிச்சம் இருந்தது இந்த மரவீடு ஒண்ணுதான்.

— நான் எங்க சிரிச்சேன், மிஸ்டர் கிரிம்ஸ்? அடியில கட்டை உருளுது, மாடு இழுக்குது, வீடு குலுங்குது, கூடவே நானும் குலுங்குறேன். அந்தக் காபிக் கெட்டிலைப் பிடிங்க. அடுப்புலேருந்து நழுவுது.

— பிடிச்சாச்சு. கட்டின புருஷனை இன்னும் மிஸ்டர்னே கூப்பிடு. பாரு, புகைபோக்கில புகை வர வர வீடு நடந்து போகுது. ரயில் நம்மகிட்ட வரலைன்னா என்ன, நாமளே ரயில் மாதிரி போறோம். நான்தான் எஞ்சின் டிரைவர்.

— எஞ்சின் டிரைவர் ஹால்வோர். வெளிய மாடு ஓட்டுறார். நீங்க உள்ள உக்காந்து பேசுறீங்க.

— ஓட்டுறவன் ஒருத்தன், பேசுறவன் ஒருத்தன். இந்த நாடே அப்படித்தான் ஓடுது. கான்சஸ்ல ஓடுற வீட்டுல காபி குடிச்ச முதல் கடைக்காரன் ஓபெட் கிரிம்ஸ்னு நாளைக்குப் பேப்பர்ல வரும்.

— முதல் ஆளா? கானான் ஊரு மொத்தமும் இதே தடத்துல வீட்டை உருட்டிட்டுப் போயிருச்சு. நாமதான் கடைசி.

— கப்பல் மூழ்கினா கேப்டன் கடைசியாத்தான் இறங்கணும்.

— கப்பல்ல ஓட்டை போட்டவரே கேப்டனா? உப்புப் பீப்பாய் மேல ஏறி நின்னு, ரயில் வரும் ரயில் வரும்னு கத்தினது யாரு?

— கத்தல. சொற்பொழிவு. 'கானான் நகரத்துக் கனவான்களே, ரயில் கம்பெனிக்குக் கடன் பத்திரம் எழுதிக் குடுங்க, இரும்புக் குதிரை உங்க வாசல்ல வந்து தண்ணி குடிக்கும்'னேன். என்னமா கைதட்டினாங்க. நீயும் தட்டினே.

— நான் கொசு அடிச்சேன்.

— அடிப்பாவி. இத்தனை நாள் அதை நினைச்சுத்தான் நெஞ்சை நிமித்திக்கிட்டுத் திரிஞ்சேன்.

— நிறுத்தாதீங்க. பேசிக்கிட்டே இருங்க.

— எப்பவும் வாயை மூடத்தானே சொல்லுவே?

— இன்னைக்குக் கேக்க நல்லா இருக்கு. சொல்லுங்க, ரயிலை ஏன் தெற்கே திருப்பிட்டாங்களாம்?

— தெரியாத மாதிரி கேளு. பத்திரத்துல கடைசிக் கையெழுத்து காயறதுக்குள்ள சொல்லிட்டாங்க, கானான் பக்கம் மேடா இருக்கு, எஞ்சின் ஏறாதுன்னு.

— இந்தச் சீமையில மேடா? ரொட்டி மாவை உருட்டிவிட்ட மாதிரில்ல கிடக்கு.

— அதைத்தான் நானும் கேட்டேன். தெற்கே இருந்த நிலத்தையெல்லாம் கம்பெனித் தலைவரோட மச்சான் முன்னாடியே வளைச்சுப் போட்டாச்சு. ஸ்டேஷன் அங்கதான், வேணும்னா நீங்க வீட்டோட வாங்கன்னுட்டாங்க. புது ஊருக்குத் தலைவரோட பொண்ணு பேரு. கிளாரிஸா. நம்மால முடிஞ்சது அந்தப் பொண்ணு பேரு நல்லா இருக்குன்னு சொல்றது.

— டாக்டர் வீடு முதல்ல போனது யாரால?

— என்னாலதான். டாக்டர் போனா ஜனம் பின்னாடியே வரும், ஜனம் வந்தா கடை ஓடும்னு கணக்குப் போட்டேன். நல்ல மாடாப் பாத்துப் பிடிச்சுக் குடுத்தேன். கம்பெனி அவரையே சம்பளத்துக்கு எடுத்துக்கும்னு நான் கண்டேனா? தண்டவாளம் போடுற இடத்துல அன்னாடம் கை போகுது, கால் போகுது, ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க. ஆள் அனுப்பிக் கேட்டதுக்கு, ஏழு மாசம், ரத்தம் வேற படுது, அவங்களை வண்டில ஏத்திடாதீங்கன்னு சொல்லி அனுப்பினார். சரின்னுதான் உன்னையும் கட்டிலையும் விட்டுட்டு, வெளில இருக்கிற சுவரை மட்டும் கிளப்பினேன்.

— கெட்டிக்காரர்தான்.

— போன தடவை குழந்தை போன மாதிரி ஆகாது ஹெப்சி. அப்ப டாக்டருக்கு எங்க போவோம், இவர் கானானுக்கே வந்திருக்கல. இந்தத் தடவை அவர் வீட்டு ஜன்னலும் நம்ம ஜன்னலும் உரசிக்கிற மாதிரி வீட்டை இறக்குறேன். நீ படுத்தபடி இருமினா அவர் அங்கேருந்து மருந்தை நீட்டணும். ஏன் மாடு நின்னுருச்சு? ஹால்வோர், என்னப்பா ஆச்சு?

— கடைக்காரரே, இந்த ஜன்னல் வழியா எட்டிப் பாருங்க. எதிர்ல ஒரு வீடு வருது.

— எதிர்லயா? எல்லாரும் போற பக்கத்துலேருந்து எவன்யா வர்றான்?

— நான் மாட்டுக்காரன், எனக்கென்ன தெரியும். பின்னாடி இன்னொண்ணும் தெரியுது.

— பச்சைக் கதவு. ஹெப்சி, அது டாக்டர் வீடு. அந்தப் பச்சை நம்ம கடைப் பெயிண்ட்டு. நம்மளைத் தேடி டாக்டரே வர்றார்.

— வீட்டோடவா?

— ஊரை விட்டு வரக்கூடாதுன்னுதானே கையெழுத்து? வீட்டை விட்டு வரல பாரு. ஹால்வோர், ஓடு. ரத்தம் படுதுன்னு சொல்லு. பையை எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்து வரச் சொல்லு.

— ஓடிப் பழக்கமில்ல. வேகமா நடக்குறேன்.

— மிஸ்டர் கிரிம்ஸ், கையைக் குடுங்க.

— உன் கை ஏன் இப்படி வேர்த்திருக்கு?

— அடுப்பு பக்கத்துல இருக்குல்ல. இறுக்கிப் பிடிங்க. இன்னும் கொஞ்சம்.

— எனக்கே விரல் வலிக்குது. மாடு பிடிக்கப் போயிருக்கலாம் நீ. இதோ, ஹால்வோர் வந்துட்டான். டாக்டர் எங்கப்பா?

— டாக்டர் இல்ல, கடைக்காரரே. அந்த வீட்டோட வர்றவர் ஒரு ஜெர்மன் பண்ணைக்காரர். பன்னி ஒண்ணைக் குடுத்துட்டு அந்த வீட்டை வாங்கினாராம். தொழுவம் ஆக்கப் போறார்.

— டாக்டர் வீட்டையா? டாக்டர் எங்க படுப்பார்?

— அந்தப் பண்ணைக்காரர் சொன்னதைச் சொல்லிடுறேன். கிழக்கே, நியூயார்க்குன்னு சொன்னார், பெரிய பாங்கு ஒண்ணு கதவைச் சாத்திருச்சாம். ரயில் கம்பெனிக்குப் பணம் அங்கேருந்துதானாம். கம்பெனி விழுந்துருச்சு. கூலி கேட்ட ஆளுங்க கூடாரத்தைக் கொளுத்திட்டாங்களாம். கிளாரிஸாவுல இருந்தவங்க திசைக்கொருத்தரா கிளம்பிட்டாங்க.

— நியூயார்க்ல கதவைச் சாத்தினா கான்சஸ்ல வீடு தெறிச்சு ஓடுமா? நான் அந்த ஊரைப் பாத்ததுகூட இல்லயேப்பா. அந்தக் கதவு என்ன நிறம்னுகூட எனக்குத் தெரியாதே.

— எனக்கும் தெரியாது.

— டாக்டரைச் சொல்லு ஹால்வோர்.

— தண்டவாள இரும்பு ஏத்திக்கிட்டு ஒரு ரயில் வந்து நின்னுதாம், கடைக்காரரே. அந்த ஒண்ணுதான் வந்தது. சரக்கைக்கூட இறக்கல. கம்பெனிக்காரங்க அதுலயே ஏறித் திரும்பிட்டாங்க. டாக்டரும் ஏறிட்டார்.

— ஏறிட்டாரா.

— ஏறிட்டார். மாடு நிக்குது. முன்னாடி ஓட்டவா, பின்னாடி திருப்பவா?

— இரு. யோசிக்க விடு. கானான்ல ஒரு கூரையும் இல்ல. கிளாரிஸாவுல ஒரு ஆளும் இல்ல. ஹெப்சி, பீப்பாயில ஏறினேனே. நான் சொன்ன பொய்யை நம்பித்தானே அத்தனை குடும்பமும் சட்டியைத் தூக்கிச்சு.

— பொய் இல்லங்க. ரயில் வந்துச்சே.

— ஹெப்சி.

— ஹால்வோர் கேக்குறார் பாருங்க. எந்தப் பக்கமும் வேண்டாம்னு சொல்லுங்க. மாட்டை அவுத்துவிட்டுட்டுத் தண்ணி கொதிக்க வைக்கச் சொல்லுங்க. எனக்கு விடிஞ்சதுலேருந்தே வலி.