நம்ம தாத்தாவா, சிங்களத் தாத்தாவா?

நுவரெலியாவிலிருந்து அட்டன் போகும் பஸ். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. நானுஓயா தாண்டியதும், முன் சீட்டில் இருந்த நடுத்தர வயதுப் பெண் பக்கத்திலிருந்த இளையவளிடம் சொன்னது பாட்டையும் மீறிக் கேட்டது.

"எங்க அப்பாவுக்கு இத்தனை பிள்ளைங்க இருக்குன்னு அவரு செத்த பொறகுதான் எனக்குத் தெரியும்."

"என்னக்கா சொல்றீங்க?"

"ரேஸ் ஓடுற பொடியனுங்கதான். அவனுங்க மோட்டர் சைக்கிள எல்லாம் அப்பாதானே ரிப்பேர் பார்த்துக் குடுத்தாரு. விழுந்து கால ஒடச்சுக்கிட்டா நம்ம லயத்து வீட்டுலதான் வந்து கெடப்பானுங்க. நாந்தான் கஞ்சி காச்சி ஊத்துனேன். இன்னைக்கு அவரு நினைவா ரேஸ் வச்சானுங்க. மைக்குல ஒரே தாத்தா, தாத்தா."

"நம்ம தாத்தாவா, சிங்களத் தாத்தாவா?"

"சிங்களத் தாத்தாதான். அப்பான்னு அர்த்தம். நம்ம பொடியனுங்களும் அப்படித்தான் கூப்புடுவானுங்க."

"அப்பாவ எடுத்த அன்னைக்கு வந்தானுங்களா?"

"எங்க வந்தானுங்க? அன்னைக்கும் எங்கயோ ரேஸாம். பொட்டி தூக்க ஆள் பத்தாம, தேயிலை மலையில வேலை செஞ்சவங்களக் கூட்டியாந்தோம்."

லிந்துலையில் பஸ் நின்று கிளம்பியது.

"இன்னைக்கு ரேஸ் பார்த்தீங்களாக்கா?"

"கேட்டுல நின்ன பொடியனே மறிச்சிட்டான். நான் தாத்தாவோட மகள்னு, அவரு பெத்த மகள்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொல்றான், 'இங்க எல்லாருமே தாத்தாவோட பிள்ளைங்கதான் அக்கா. டிக்கட் எடுத்துட்டு வாங்க.'"