தள்ளாதே என்றான், தள்ளவில்லை

என் தங்கை பிரிஜா வைக்கும் மீன் புளிமுளக் குழம்புக்குக் குலசேகரத்தில் ஈடு கிடையாது, போதகர் ஐயா. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கோடு நீங்களும் சாப்பிட்டிருக்கிறீர்கள். அவள் சொல்லித்தான் இன்று என்னை விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்பது தெரியும். உட்காருங்கள். மறைக்க என்னிடம் ஒன்றுமில்லை.

என் மனைவி ஷைஜா நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போனாள். இனி வருவதாக இல்லை என்று போனில் சொல்லிவிட்டாள். அப்புறம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. பிரிஜாவின் கணவன் விபினும் அதே சமயம்தான் வளைகுடாவில் ரயில் கம்பெனி ஒப்பந்தம் முடிந்து வந்து நின்றான். இருவரையும் நானே கூப்பிட்டு வைத்துக்கொண்டேன். அண்ணன் என்றால் ஜாஸ்பர் மாதிரி இருக்க வேண்டும் என்று சபையே பேசியது.

விபின் கம்ப்யூட்டரில் சரக்கு ரயில் ஓட்டுவான். விளையாட்டு என்று சொன்னால் முகம் சுருங்கும், சிமுலேட்டர் என்று சொல்ல வேண்டும். நிலக்கரி வண்டி மலையேறும்போது முன்னால் இரண்டு எஞ்சின் இழுத்தால் மட்டும் போதாதாம். பாரம் முழுவதும் முன்பக்கக் கொக்கியில் விழுந்து அது அறுந்துவிடும். அதனால் பின்னாலும் இரண்டு எஞ்சின் நின்று தள்ள வேண்டும். முன்னால் இருப்பவன் சொல்வான், பின்னால் இருப்பவன் கேட்பான். அடுத்த அறையில் லேப்டாப்பும் ஹெட்செட்டுமாகப் பின் எஞ்சினை ஓட்டப் பழகிக்கொண்டேன். நன்றாகவே ஓட்டினேன். ஆனால் வண்டி உச்சிக்குப் போனதும் அவன் சொல்வது ஒன்றுதான்: "நான் ஏத்திட்டேன்."

பிறகு வளைகுடாவில் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி தரும் ஒரு கம்பெனி அவனைத் தேர்வுக்கு அழைத்தது. பின் எஞ்சினுக்கு ஒரு கூட்டாளியை வைத்துக்கொண்டு, ஆன்லைனில் வண்டியை மலையேற்றிக் காட்ட வேண்டும். வேலை கிடைத்தால் குடும்ப விசா. பிரிஜா சந்தோஷத்தில் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஷைஜாவும் அப்படித்தான் தட்டினாள். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. கூட்டாளியாக நானே வருகிறேன் என்று முன்வந்தேன்.

தேர்வெடுத்தவர் மதுரைப் பக்கத்துக்காரர். பாதி ஏற்றத்தில் என்னிடம், பின்னால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். முன்னால் இருப்பவன் வழி காட்டுகிறான், பாரம் முழுக்க என் முதுகில் என்றேன். மச்சான் என்ற உரிமையில் விபின் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அளியா, தள்ளாத."

நம்ம பக்கம் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பீற்றாதே என்று அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனால் முன் எஞ்சின் சொன்னால் பின் எஞ்சின் கேட்க வேண்டும் என்பதுதானே பாடம். நான் பவரை மொத்தமாகக் குறைத்தேன்.

வண்டி தளர்ந்தது. முன் எஞ்சின்கள் தனியாகக் கிடந்து இழுத்தன. விபினின் குரல் மாறியது. "அளியா, பவர் குடு. விளையாடாத."

விளையாடாதே என்றும் சொல்லிவிட்டானே. கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கொக்கி அறுந்தது. வண்டி இரண்டு துண்டாக நின்றது. ஒரு உயிர்ச்சேதமும் இல்லை, படத்து ரயில்தானே.

பின் எஞ்சினைத் தள்ளாதே என்று ஏன் உத்தரவிட்டீர்கள் என்று மதுரைக்காரர் கேட்டார். அது எங்க ஊர்ப் பேச்சு, சார் என்று விபின் சொல்லிப் பார்த்தான். மதுரைக்காரர் நம்பவில்லை. பேசியதெல்லாம் பதிவாகியிருந்தது, அதில் அவன் குரல் சுத்தமாகக் கேட்டது. என்னிடம் போனில் விசாரித்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

பிரிஜா என் அறை வாசலில் வந்து நின்றாள். "அண்ணா, அது ஊர்ப் பேச்சுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போரும்."

சொல்கிறேன் என்றேன். போன் வந்தபோது, தள்ளாதே என்று அவர் கண்டிப்பாகத்தான் உத்தரவிட்டார் சார், எனக்கே ஆச்சரியமாக இருந்தது என்றேன். இதைத்தானே கேட்க வந்தீர்கள்? ஆமாம், சொன்னேன்.

ஆனால் நான் யாரையும் கைவிடவில்லை. விபினுக்கு என் ரப்பர் விளையிலேயே பால்வெட்டும் வேலை கொடுத்திருக்கிறேன். விடியுமுன் எழுந்து போகிறான், உடம்புக்கும் நல்லது. பெட்டி மறுபடி பரண் ஏறிவிட்டது. பிரிஜா என்னோடு பேசுவதில்லை, ஆனால் வேளாவேளைக்குச் சோறு வருகிறது. புளிமுளத்தில் உப்பு கொஞ்சம் கூடியிருக்கிறது. நான் குறை சொல்வதில்லை.

வருகிற சனிக்கிழமை வேறொரு கம்பெனியின் தேர்வாம், இதுவும் வீட்டிலிருந்தே ஆன்லைனில். இந்த முறை நான்கு எஞ்சினையும் ஒன்றாக இணைத்து அவன் ஒருவனே ஓட்டுவானாம், பின்னால் ஆள் வேண்டாமாம். நல்லது. அவனுக்காக ஜெபியுங்கள் ஐயா, நானும் ஜெபிக்கிறேன். வீட்டு மெயின் சுவிட்ச் என் கட்டிலின் தலைமாட்டில் இருக்கிறது. அது வயரிங் செய்தவனுடைய குற்றம், அதற்கு நான் என்ன செய்ய முடியும்?