மாற்றுச் சேலை

திருப்பரங்குன்றம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்த பெரியவர் மடியில் விதைநெல் பையை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்த இளையவளிடம் தூக்குச்சட்டி. என்ன வேலை பார்க்கிறாய் என்று பெரியவர் கேட்டார். அவள் சொன்ன பதிலில்தான் நான் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

“நெல்லுக்கு நோய் குடுக்கிற வேலைக்கா.”

“என்னத்தா சொல்ற?”

“ஆராய்ச்சிப் பண்ணையில ஜீன மாத்துன நெல்லு வளக்குறாக. அதுக்குக் குலைநோய் பிடிக்குதான்னு பாக்கணும்ல? நோய் கலந்த தண்ணிய நாந்தான் தெளிப்பேன். பக்கத்துல இருக்க சாதா நெல்லு கருகிரும். இது பச்சையா அப்படியே நிக்கும்க்கா.”

“அப்ப ஊருக்கு நல்லதுதான?”

“எங்கூர்ல அப்படி நெனைக்கலையே. போன போகம் அங்க குலைநோய் வந்துச்சு. நாந்தான் சேலையில கொண்டாந்துட்டேன்னு பேச்சு. அதுலருந்து நடவுக்கு ஒருத்தரும் கூப்பிடுறதில்ல. விசேஷ வீட்டுப் பந்தியில எம் பக்கத்து எல காலியாத்தான் கெடக்கும்.”

“அடப் பாவமே. அம்புட்டு மோசமாவா இருக்காக?”

பழங்காநத்தம் தாண்டியதும் பெரியவர் மடியிலிருந்த விதைநெல் பையை மெல்ல எடுத்து, தனக்கும் ஜன்னலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டார்.

இளையவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“இது மாத்துச் சேலைக்கா,” என்றாள். “அங்கனயே குளிச்சிட்டுத்தான் வாரேன்.”