அவளுக்கு மட்டும் கால்மணி நேரம் கிடைக்குதாம்!

தள்ளுங்க தம்பி, நல்லாத் தள்ளுங்க, கதவு சும்மாதான் சாத்தியிருக்கு... ஆமா, போன் பண்ணது நான்தான். இதோ, இந்தத் தையல் மிஷின்தான். நின்னு போச்சு. நிக்காம என்ன பண்ணும்? தினம் கால்மணி நேரம், தினம் கால்மணி நேரம்னு அதைப் போட்டு அரிச்சுக்கிட்டே இருந்தா, இரும்புக்கும் ஒரு நாள் வெறுத்துப் போகாதா?

நான் எழுந்திரிக்கலன்னு தப்பா நினைக்காதீங்க. முட்டி வலி. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்தப் பக்கமா உக்காந்து பாருங்க.

மிஷின் என்னுதில்ல. என் ஓரகத்தியோடது. எங்க வீட்டுக்காரரோட தம்பி பொண்டாட்டி. டவுன் பஸ் ஓட்டறா... ஆமாங்க, டிரைவர்தான். அம்மாம் பெரிய வண்டி. ஓட்டட்டும், யார் வேணாங்கறா? ஓட்டிட்டு வந்தமா, காலை நீட்டினமான்னு இருக்கணுமா இல்லையா? அதான் கிடையாது. வந்ததும் கையக் கழுவுவா. முகம் கூட அப்புறம்தான். சமையக்கட்டுல முட்டை வேக வைக்கறதுக்கு ஒரு மணி வெச்சிருக்கேன், திருகிவிட்டா கிர்ர்ருனு அடிக்குமே... அதைத் தூக்கிட்டு வந்து பக்கத்துல வெச்சுக்கிட்டு உக்காந்துடுவா. அது அடிச்சுதோ, எழுந்துடுவா. பாதிக் கோட்டுல ஊசி நிக்கும் தம்பி! ஸ்டாப் வந்துடுச்சு, எல்லாரும் எறங்குங்கங்கற மாதிரி!

அப்படி என்னத்தைத் தைக்கறாங்கறீங்க? ஒட்டுத்துணிப் போர்வை. பழைய சட்டை, தலகாணி உறை, ஜன்னல் திரைன்னு கண்டதையும் சதுரம் சதுரமா வெட்டுவா. வெட்டிட்டு? வெட்டினதையே மறுபடி ஒண்ணாச் சேத்துத் தைப்பா! அதுக்கு வெட்டாமலே இருந்திருக்கலாம்ல? அப்புறம் நடுவுல பஞ்சு, அடியில ஒரு முழுத் துணி, மூணையும் சேத்து மேல கோடு கோடா ஒரு ஓட்டு. அங்கதான் இப்ப நிக்குது.

பெடலா? கீழதான்... என் காலடியிலதான் இருக்கு. சும்மா இருக்கு. நீங்க மேல பாருங்க.

இதுல எனக்கு உபதேசம் வேற. "அக்கா, நேரம் தானா வராது, நாமதான் கொஞ்சம் எடுத்து வெக்கணும்." என்கிட்ட சொல்றா! எனக்கு எங்க தம்பி நேரம்? எதிர் பால்கனிக்காரி துணி காயப்போட வந்தா நாலு வார்த்தை பேசணும். பேசலேன்னா தலைக்கனம்பா. கீழ் வீட்டுக்குப் புதுசா ஆள் வந்திருக்கு, யாரு என்னன்னு பாக்க வேணாமா? சாயங்காலம் ரெண்டு சீரியல். ரெண்டே ரெண்டுதான்! மூணாவதை நான் பாக்கறதில்ல, காதால கேக்கறதோட சரி.

போர்வை யாருக்குன்னு கேளுங்க. கேளுங்களேன்! என் பொண்ணுக்கு. நான் பெத்த பொண்ணுக்கு. வெளியூர்ல இருக்கா, முழுகாம இருக்கா. பொறக்கப் போற குழந்தைக்குன்னு போன் பண்ணிக் கேட்டிருக்கா... யார்கிட்ட? சித்திகிட்ட! பெத்தவ இங்க குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்... "ஏன்டி என்கிட்ட கேக்கல?"ன்னேன். "உனக்கு எங்கம்மா நேரம்? நீதானே எப்பவும் சொல்லுவே"ங்கறா. சாதாரணமாச் சொல்றா தம்பி. குத்திக் காட்டக் கூட இல்ல. குத்திக் காட்டியிருந்தா நானும் நாலு திட்டு திட்டிட்டு மறந்திருப்பேன்.

என்ன சொல்றீங்க... ஊசி உள்ள உடைஞ்சு கெடக்கா? சக்கரம் அசையலையா? நான் சொன்னேன்ல, அவ உபயோகிக்கற லட்சணம்... ஏன், எதுக்கு நகத்தணும்? வேணாம் வேணாம், வெளிச்சம் இங்கயே இருக்கு. ஐயோ, இழுக்காதீங்க! இருங்க! மிஷின் வந்தா நானும்தான் கூட வருவேன்!

...சிரிச்சுடுங்க. பரவால்ல. அடக்கிக்கிட்டு இருமாதீங்க.

ஆமா, தெச்சுக்கிட்டேன். என் நைட்டியையும் சேத்துத் தெச்சுக்கிட்டேன், போதுமா? முட்டி வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுல யாரும் இல்லையேன்னு உக்காந்தேன். ஒரே ஒரு கோடு. பெத்தவ கையாலயும் ஒரு கோடு இருக்கட்டும்னுதான். அவளுக்குத் தெரியக் கூட வேணாம்னு பாத்தேன். அவ பெடலை மெதுவா, பூனை மேல கால் வெக்கற மாதிரி வெப்பா. அது எனக்கு எங்க தெரியும்? நான் ஏறி மிதிச்சேன். தடதடதடன்னு கெளம்பிடுச்சு! போர்வை மடியில மலை மாதிரி கெடக்கு, நைட்டி மடிப்பு எப்ப அடியில போச்சுன்னு எவ கண்டா? டொக்குன்னு ஒரு சத்தம். எழுந்திரிக்கப் பாத்தா மேஜையும் கூட எழுந்திரிக்குது! உங்க நம்பரை அவ மிஷின்லயே ஒட்டி வெச்சிருக்கா, போனும் கைக்கு எட்டுச்சு. ஒரு வாய் தண்ணி கூட குடிக்கல தம்பி.

வெட்டணுமா? எதை? நூலைப் பிடுங்க முடியாதா? துணி மிஷின் பல்லுக்குள்ள மாட்டியிருக்கா... போர்வையைக் கொஞ்சம் வெட்டினா சுலபமா வந்துடும்ங்கறீங்க. ம்...

வேணாம். போர்வையில கத்திரி வெக்காதீங்க. ஒரு நாள் அவ காய்ச்சலோட வந்தா. அன்னிக்கும் உக்காந்தா. நான் அந்த நிலைப்படியில சாஞ்சு நின்னுக்கிட்டு, "செத்தாலும் கால்மணி நேரம் தெச்சுட்டுத்தான் போவியா?"ன்னு கேட்டேன். தலையைக் கூட நிமித்தல. மணி அடிச்சதும் எழுந்து போய்ப் படுத்துட்டா. நானும் சும்மா சொல்லக் கூடாது... கோடு கொஞ்சம் கூட வளையல.

கத்திரியை இப்படிக் குடுங்க. நீங்க சுவத்தைப் பாருங்க... திரும்பாதீங்க... ம். போச்சு. புதுப் பச்சை நைட்டி. ரெண்டு தரம் கூட தோய்க்கல. சரி, இந்தத் துண்டை மேல சுத்திக்கறேன், இப்ப திரும்புங்க.

அப்பாடா, சக்கரம் சுத்துது! ஊசி மாத்திட்டீங்களா? பெரிய புண்ணியம். அதையா, போர்வை அடியில ஒட்டிக்கிட்ட நைட்டித் துணியையா? பிரிக்க வேணாம். அத்தனை நெருக்கத் தையலு, பிரிச்சா அடித்துணி கிழியும்னு நீங்களே சொல்றீங்களே. இருக்கட்டும்.

ஐயோ, படியில சத்தம்... அவதான். அவ நடைதான். தம்பி, பையை ஏன் எடுக்கறீங்க? கொஞ்ச நேரம் இருங்களேன், ஆளு இருந்தா சத்தம் போடமாட்டா... அவ என்னிக்கி சத்தம் போட்டிருக்கா, நான்தான்... தம்பி! தம்பி! காசு கூட வாங்காம ஓடறதைப் பாரு! நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க!

என்ன, வந்துட்டியா? கையக் கழுவிட்டு வா. அவரா, மெக்கானிக்கு. மிஷின் லேசா சத்தம் போட்டுது, வரச் சொன்னேன். நல்லாத்தான் இருக்கு, உக்காரு.

என்ன அப்படிப் பாக்கறே? அடிப்பக்கம் வெறும் வெள்ளையா கெடந்துது, பாக்கச் சகிக்கல. நான்தான் ஒரு பச்சை ஒட்டு வெச்சேன். என்னைக் கேக்காம பிரிச்சியோ, பாத்துக்கோ.