வலது பாதம், வயது பதினான்கு

என் கையெழுத்து அழகாக இருக்கும். எக்ஸ்ரே அறையில் இருபத்திரண்டு வருடமாக உறைகளின் மேல் பெயர், வயது, எந்த இடத்தில் எடுத்த படம் என்று எழுதிவருபவன் நான்தான். இது என்ன எழுத்து என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதனால்தான், இரண்டு உறைகள் மாறிப்போனதற்குக் கவனக்குறைவே காரணம் என்று உங்கள் விசாரணைக் குழு எழுதப்போவதாகக் கேள்விப்பட்டதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. கவனக்குறைவாக நான் எதையும் செய்வதில்லை.

முதலில் என் மகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவள் பாலே என்ற மேல்நாட்டு நடனம் ஆடுகிறாள். ஆறு வயதில் ஆரம்பித்தாள். அதாவது, நான் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஒரு நாள் ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறையின் டிவியில் ஒரு பெண் கால்விரல் நுனியில் நின்று சுழன்றுகொண்டிருந்தாள். உடைந்த கால்களையே பார்த்து அலுத்தவன் நான். எலும்பை வைத்துக்கொண்டு இதெல்லாம்கூடச் செய்யலாமா என்று அசந்துபோனேன். அன்று சாயங்காலமே வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரித்துவிட்டேன்.

விரல் நுனியில் நிற்பதற்காகப் போடும் பாயிண்ட் ஷூவை நீங்கள் கையில் வாங்கிப் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளியே பளபளவென்ற துணி, பார்க்க மிட்டாய் போல இருக்கும். முனையில் மட்டும் துணியைப் பசை போட்டு அடுக்கடுக்காக ஒட்டிக் கட்டை மாதிரி ஆக்கியிருப்பார்கள். உடம்பு மொத்தமும் அதன்மேல்தான் நிற்க வேண்டும். புதிதாக வாங்கியதை அப்படியே போட்டு ஆட முடியாது. கதவிடுக்கில் வைத்து நசுக்கி, சுத்தியலால் தட்டி வழிக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை. ரிப்பன் தைப்பதும் நான்தான். என் மனைவி ஒரு நாள் வாசற்படியில் நின்று, "ஆடப்போறது அவளா, நீங்களா?" என்று கேட்டாள். வேடிக்கையாகத்தான் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

மகளுக்கு இரண்டு கால்நகங்கள் கறுத்து விழுந்தன. நகம் மறுபடி முளைக்கும். தோழிகளின் பிறந்தநாளுக்கு அவளை அனுப்பியதில்லை. பிறந்தநாளும் வருடாவருடம் வரத்தான் போகிறது. ஆனால் பெரிய நடனக் கம்பெனியின் பள்ளிக்கு ஆடிஷன் வருடத்துக்கு ஒரு முறைதான். ஆறே ஆறு பேரைத்தான் எடுப்பார்கள். பதினான்கு வயதைத் தாண்டிவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். இது அவளுடைய கடைசி வருடம்.

ஆடிஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் நொண்ட ஆரம்பித்தாள். "அப்பா, இது எப்பவும் வர்ற வலி இல்லப்பா" என்றாள். நான் தைலம் தேய்த்துவிட்டேன். மனைவி பிடிவாதமாக நின்றாள். "படம் எடுத்து டாக்டர்கிட்ட காட்டுங்க. அதுக்கப்புறம் ஆடட்டும்."

நானே எடுத்தேன். "அசையாம இரு, குட்டி" என்றேன். அசையவில்லை. அவள் சொன்னால் கேட்கிற பெண். படத்தில், இரண்டாவது விரலுக்குப் போகும் நீள எலும்பில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தது. எலும்பு டாக்டர் பார்த்தால் ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டுப் போடுவார்.

அதே காலையில் இன்னொரு பெண்ணைக் கூட்டிவந்திருந்தார்கள். பள்ளிக்கூடப் படியில் தடுக்கி விழுந்தவள். அவளுக்கும் பதினான்கு வயது, அதே வலது பாதம். அவள் எலும்பில் ஒரு குறையும் இல்லை. இரண்டு உறைகளையும் நிதானமாகத்தான் எழுதினேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எலும்பு கச்சிதமா இருக்கு. வெறும் தசைப்பிடிப்பு. தாராளமா ஆடலாம்" என்றார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்லாப் பாத்தீங்களா டாக்டர்?" என்று இரண்டு தடவை கேட்டாள். எதையும் தீர விசாரிக்கும் குணம் அவளுக்கு என்னிடமிருந்து வந்தது.

அந்த இன்னொரு பெண்ணுக்கு ஆறு வாரம் கட்டு. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். கட்டின்மேல் தோழிகள் பூ வரைந்தார்களாம். கட்டுப் போட்டதால் யாருக்கும் கால் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. கட்டைப் பிரித்ததும் அவர்கள் வேறு இடத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்த்ததும், இந்த எலும்பு உடைந்ததே இல்லை என்று யாரோ சொன்னதும், நீங்கள் இங்கே வந்து உட்கார்ந்திருப்பதும் எல்லாம் அதற்கப்புறம் நடந்தவை.

ஆடிஷனன்று காலையில் மகளுக்கு இரண்டு வலி மாத்திரை கொடுத்தேன். சத்து மாத்திரை என்றுதான் சொன்னேன். வலி என்ற சொல்லே அவள் காதில் விழ வேண்டாம் என்பதற்காக. அவள் எண் முப்பத்தொன்று. தாழ்வாரத்தில் உட்கார்ந்து ரிப்பன் கட்டும்போது நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்பா, நெசமாவே ஒண்ணும் இல்லல்ல?"

"படம் எடுத்தவனே நான்தானே குட்டி. ஒண்ணுமே இல்ல."

அவள் ரிப்பனை முடிச்சுப் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

பெற்றோருக்குக் கடைசி வரிசையில் இடம். நடுவர்கள் மூன்று பேர். காலையிலிருந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கூட இவள் ஆடும்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கடைசியில் ஒரு தாவல். உயரமாகத் தாவினாள். இறங்கும்போது காய்ந்த சுள்ளி முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அவள் தரையில் சரிந்தாள். பியானோ நின்றுவிட்டது. என்ன சத்தம் என்று எல்லோரும் திகைத்தார்கள். எனக்குத் திகைப்பில்லை. எந்த எலும்பு, எந்த இடம் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் கைதட்டினேன். நடுவர்கள் அதை விழுந்ததாக எடுத்துக்கொள்வதா, நடனத்தின் முடிவாக எடுத்துக்கொள்வதா என்று தீர்மானிக்க ஒரு வினாடி இருக்கிறது. அந்த ஒரு வினாடியில் அவளுக்கு உதவ நினைத்தேன். வேறு யாரும் தட்டவில்லை.

தகடு வைத்து நான்கு திருகாணி போட்டிருக்கிறார்கள். நடப்பாள், கொஞ்சம் சாய்ந்து நடப்பாள். விரல் நுனியில் நிற்க முடியாது என்கிறார் டாக்டர். டாக்டர்கள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவள் முகம் வெளுத்திருந்தது. என் சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, இனிமே நான் ஆட வேண்டாம்ல?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வலியில் குழந்தைகள் என்னென்னவோ உளறும். பக்கத்தில் நின்ற என் மனைவி மட்டும் அதை உளறல் என்று எடுத்துக்கொள்ளவில்லை. மகளைத் தன் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். என்னோடு பேசுவதில்லை.

ஆகவே, எழுதிக்கொள்ளுங்கள். விரிசலை நான் பார்த்தேன். தெரிந்தேதான் உறைகளை மாற்றினேன். தெரிந்தேதான் ஒன்றுமில்லை என்று சொல்லி அவளை மேடையேற்றினேன். எதையும் மறுக்கவில்லை.

ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இந்தக் காகிதத்தை மகளிடம் சேர்த்துவிடுங்கள். வேறொரு நடனப் பள்ளியில் பதினெட்டு வயது வரை சேர்த்துக்கொள்கிறார்களாம். விண்ணப்பத்தை முழுக்கப் பூர்த்தி செய்துவிட்டேன். 'நான் ஏன் ஆட விரும்புகிறேன்? மாணவி தன் சொந்த வார்த்தைகளில் எழுதவும்' என்று ஒரு கட்டம் இருந்தது. அவளுக்குக் கஷ்டம் வேண்டாமென்று, அதையும் நானே எழுதிவிட்டேன்.