நல்லமுத்துவை ‘வாங்க’ என்றவர்கள்

கரிசலைக் கீறிக் கஞ்சி காய்ச்சும் குடியில் பிறந்து, கண்ணீர் சுமந்த இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் அருஞ்சுனை அவர்களே! வெயிலையே வேட்டியாகக் கட்டி வாழும் பெரியோர்களே! அழ வந்து, அழாமல் அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! மதுரையிலிருந்து விடுப்புக் கேட்டு வந்து முன்வரிசையில் இருக்கும் ஓட்டல் தோழர்களே! மண்டபத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்று காது கொடுக்கும் நல்லமுத்துவின் ஊர்க்காரர்களே! உங்களுக்கும் என் வணக்கம்.

மாலை போட்ட இந்தப் படத்தைப் பாருங்கள். நல்லமுத்து. திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி, ஏர் பிடித்த விவசாயி. அருப்புக்கோட்டையில் என் கடைக்கு வருடம் தவறாமல் பருத்தி கொண்டுவந்தவர். பத்துப் பேர் கூடினால் பேச்சு வராது அவருக்கு. வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாய் திறந்தார். ஊரே அவரிடம் வாய் மூடிக்கொண்டது!

என்ன பேசினார்? கோயில் திருவிழாவில், “சாமி எங்க தெருவுக்கும் வரட்டும்யா” என்று கேட்டான் சோலைச்சாமி என்ற கூலிக்காரன். கேட்டதற்காகப் பட்டப்பகலில் அவனை அடித்தே கொன்றார்கள். கூட்டமே பார்த்தது. கூட்டமே பார்க்கவில்லை என்றது. நல்லமுத்து மட்டும் போலீசில் போய், “நான் பாத்தேன்” என்றார்.

அன்று அடைபட்டன கதவுகள். டீக்கடையில் அவருக்கு டீ இல்லை. கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை. சாவுக்குச் சேதி இல்லை. மூன்று வருடம் ஐயா, முகம் பார்த்து ‘வாங்க’ என்று சொல்ல ஒரு நாதி இல்லை!

பாதுகாப்புக்காக வழக்கை மதுரைக்கு மாற்றினார்கள். வெள்ளிக்கிழமை கூண்டில் ஏறி, கண்டதைக் கண்டபடி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணை திங்கள்கிழமை என்றார்கள். நடுவில் இரண்டு நாள். ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகுமோ என்று பயந்து, வெளியூரில் இருக்கும் மகள் முருகலட்சுமி மதுரையில் ஓர் ஓட்டலில் அறை எடுத்துக் கொடுத்தாள்.

உள்ளே நுழைந்ததும் வரவேற்பில் நின்ற சுகப்பிரியா, அதோ அமர்ந்திருக்கிறதே அந்தப் பிள்ளை, கைகூப்பி, “வாங்கப்பா, வாங்கம்மா, சாப்டீங்களா?” என்றது. நல்லமுத்து திரும்பிப் பின்னால் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. மனைவி தங்கத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தப் பிள்ளையிடம் கேட்டார்:

“ஏத்தா, எங்களயவா கூப்புட்ட?”

இதைக் கேட்டு நெஞ்சு உருகாதா? கல்லுக்கும் கண் கசியாதா?

சனிக்கிழமை நான் பார்க்கப் போனேன். தட்டைத் தொடாமல் தள்ளிவைக்கிறார் என்று கண்டு, பரிமாறும் தங்கமாரி சமையல்கட்டில் சொல்லி, ரசத்தில் குழைத்த சோறு கொண்டுவந்து வைத்தான். தங்கத்தாய்க்கு மூட்டுவலி என்று தெரிந்து, யாரும் கேட்காமலே வெந்நீர்ப் பை வந்தது. நல்லமுத்து என்னிடம் மெல்லச் சொன்னார்: “அண்ணாச்சி, இவுக சம்பளத்துக்குத்தான் செய்றாகன்னு தெரியும். தெரிஞ்சும் மனசு குளுருதே, அதுக்கு என்ன செய்ய?”

என்ன, வாசலிலிருந்து சத்தம்? ‘செத்தவரைப் பத்திப் பேசு, கேஸைப் பத்திப் பேசாத’ என்கிறீர்களா? தம்பி, அவர் வாழ்வையும் அந்த வழக்கையும் பிரித்து வைக்க என்னால் முடியாது. பொறு.

ஞாயிறு காலை. காப்பி கொண்டுபோன தங்கமாரியின் மடியில்தான் அந்தத் தலை சாய்ந்தது. நெஞ்சுவலி. நினைவு தப்புமுன் மனைவியைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்: “திங்கக்கெழம யாரு சொல்லுவா?” ஆஸ்பத்திரி வாசலைத் தொடுமுன்பே உயிர் போய்விட்டது.

உடல் ஊருக்கு வந்தது. தெரு முழுக்கக் கதவுகள் சாத்திக் கிடந்தன. பறை அடிக்க ஆள் வரவில்லை. பாடை தூக்க ஆள் வரவில்லை. பிறந்த மண், பெயர் சொல்லி வளர்த்த மண், பிணத்துக்கும் முகம் திருப்பியது! ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே வேனில் வந்த ஓட்டல்காரர்கள் இறங்கினார்கள். சீருடையைக்கூட மாற்றவில்லை. தோள் கொடுத்தார்கள். மகள் கொள்ளி வைத்தாள்.

அறையில் சோறு வைத்தது சம்பளத்துக்கு. சரி, ஒப்புக்கொள்கிறேன். பாடை தூக்க எந்த முதலாளி சம்பளம் தந்தான்? சொல்லுங்கள்!

குறுக்கு விசாரணை நடக்காத சாட்சி நிற்பது கடினம் என்கிறார்கள் வக்கீல்கள். கொன்றவர்கள் சிரிக்கிறார்கள். அப்போதுதான், காரியம் முடிந்த கையோடு, தங்கத்தாய் அரசு வக்கீல் முன்னால் போய் நின்றார். நானும் உடன் இருந்தேன்.

“அன்னைக்கு அவுக பக்கத்துலதான்யா நானும் நின்னேன். நானும் பாத்தேன். எனக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு எம் பேரச் சொல்லாம விட்டாக. இனி எனக்கு என்ன ஆகணும்? என்னயச் சாட்சியா எழுதிக்கிடுங்க.”

நீதிமன்றம் அனுமதித்துவிட்டது. வருகிற புதன்கிழமை அந்தத் தாய் கூண்டில் ஏறுகிறார்.

வாசலில் நிற்பவர்களே! அந்தத் திருவிழாவில் திறந்திருந்த கண்கள் இந்தப் புருஷன் பெண்டாட்டியின் நாலு கண்கள் மட்டுமா? சோலைச்சாமி போட்ட கூச்சல் உங்கள் காதில் விழவில்லையா? இந்தப் படத்துக்கு நீங்கள் மாலை போட வேண்டாம். ஒரு சொட்டுக் கண்ணீர் விட வேண்டாம். புதன்கிழமை விடியலில் தங்கத்தாய் மதுரை பஸ் ஏறுவார். பார்த்தவர்களில் ஒருவராவது ஏறி, அவர் பக்கத்தில் உட்காருங்கள். யாரும் வராவிட்டாலும் அவர் போவார்.

கேட்ட செவிகளுக்கும், சுமந்த தோள்களுக்கும் என் நன்றி. வணக்கம்.